மஸ்கட்டிலிருந்து வரும்போது மட்டும் அஞ்சு மணி நேரம்

தூத்துக்குடி
6.8.2025, புதன்

பேச்சிராஜாவுக்கு,

உன் அக்கா சந்தனச்செல்விதான் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கோழி தாளில் நடந்துபோயிருக்கிறது என்று அழித்துவிடாதே. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கடைப் பலகையில் ‘சாப்பாடு ரெடி’ என்று எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும்.

இந்தக் காலத்தில் ஏன் கடுதாசி என்று கேட்பாய். உன்னோடு ஒரு வார்த்தை பேசினால் நான் அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லை என்று சுடலைமாடன் பேரில் சத்தியம் பண்ணினேன். உனக்கும் கேட்டிருக்கும், தெரு முழுக்கக் கேட்டது. பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுதுவதைப் பற்றி மாடனிடம் நான் மூச்சே விடவில்லை. “குரலைப் பதிஞ்சு அனுப்பும்மா” என்றாள் வேல்விழி. “ஏளா, அதுவும் பேச்சுதான?” என்றேன். அதனால் நான் தாளில் எழுதுகிறேன், உன் மருமகள் போட்டோ எடுத்து அவள் போனிலிருந்து அனுப்புகிறாள். என் நம்பரைத்தான் நீ அடைத்துப் போட்டிருக்கிறாயே.

சங்கதிக்கு வருகிறேன். ஆவணி பத்தொன்பது, வியாழக்கிழமை என் மகள் வேல்விழிக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் நிச்சய தாம்பூலம். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் தாம்பாளத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். நான் ஒன்றும் உன்னைக் கெஞ்சவில்லை. “மாமா வரலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்” என்று உன் மருமகள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிகிறாள்.

நீ வந்தாலும் நான் மறக்க மாட்டேன். ஆனி மாதம் பூ வைத்து உறுதி பண்ண விளாத்திகுளத்துக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். நாலரைக்கு ராகுகாலம். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து கால் செத்துப்போனேன். நாலேகால் வரைக்கும் உன்னைக் காணோம். அப்புறம்தான் உன் அத்தானுடைய சித்தப்பா மகன் சிவனாண்டி தாம்பாளத்தைத் தூக்கினான். துரை எட்டு மணிக்கு வந்து இறங்கினீர்கள், கையில் மிட்டாய்ப் பையோடு. பத்து மணிக்கு விமானம் ஏறினவன் பன்னிரண்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து காரில் நாலு மணி நேரம். நாலு மணிக்கெல்லாம் வாசலில் நின்றிருக்க வேண்டியவன், இத்தனை நேரம் கடை கடையாய்ச் சுற்றினாயாக்கும்.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்கா

*

மஸ்கட்
8.8.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேல்விழிக்காக எழுதுகிறேன்.

நான் எந்தக் கடையிலும் சுற்றவில்லை. மிட்டாய் வாங்கியது இங்கே மஸ்கட் விமான நிலையத்தில், ஏறுவதற்கு முன்னால். திருவனந்தபுரத்தில் இறங்கியதிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தேன். நாகர்கோவில் தாண்டி மழை. டிரைவரைத் திட்டித் திட்டி ஓட்ட வைத்தேன்.

வாசலில் உன் கொழுந்தன் சிவனாண்டி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, “வாரும் மாப்ளே, எல்லாம் முடிஞ்சிட்டு. கடைசிப் பந்தி ஓடுது, போய் உக்காரும்” என்றான். என் அக்கா மகளுக்கு நான் கடைசிப் பந்தி விருந்தாளி. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். உள்ளே வந்தால் நீ, “எங்கலே ஊர் சுத்திட்டு வார?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய்.

ராகுகாலம் ஆறு மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் காத்திருக்க உனக்கு மனசு இல்லை. சிவனாண்டி இருக்கிறான் அல்லவா, இப்போதும் அவனே தூக்கட்டும். எனக்கு லீவும் கிடையாது.

பேச்சிராஜா

*

தூத்துக்குடி
9.8.2025, சனி

தம்பிக்கு,

கோபத்தில் உன் எழுத்துகூட ஒழுங்காக வந்திருக்கிறது.

நீ எழுதியதைக் கடையில் லாரிக்காரர்களிடம் வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, துறைமுகத்தில் சரக்கு ஏற்ற வரிசையில் நிற்பவர்கள், பொழுதுபோகாமல் என் கடையில்தான் கிடக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “போகும்போது ரெண்டு மணி நேரத்தில் போற விமானம், திரும்பி வர எத்தனை மணி நேரம் ஆகும்?” அத்தனை பேரும் ரெண்டு என்றார்கள். மாடக்கண்ணு அண்ணாச்சி மட்டும், “அப்படிச் சொல்லிற முடியாது தாயி. போறப்ப இறக்கமா இருக்கும், வாரப்ப ஏத்தமா இருக்கும்” என்றார். “ஆகாசத்துல எங்கன அண்ணாச்சி ஏத்தம்?” என்றேன். “காத்து இருக்குல்லா” என்றார். கிளீனர் சிரித்த சிரிப்பில் சாம்பார் வாளி கவிழ்ந்தது.

ரெண்டு மணி நேரம் என்று நானாகச் சொல்லவில்லை. போன வருஷம் உன்னை ஏற்றிவிடத் திருவனந்தபுரம் வந்தவள் நான். காலை எட்டு மணிக்கு உன் விமானம் கிளம்பியது. நான் பஸ்ஸில் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு தூங்கியபடி ஊர் வந்து சேர்ந்தேன். ராத்திரி போன் பண்ணினாய். “பத்து மணிக்கெல்லாம் எறங்கியாச்சுக்கா” என்றாய். உன் வாய்தான். எட்டு, பத்து. விரல் விட்டு எண்ணினாலும் ரெண்டுதான் வருகிறது. பூ வைத்த அன்றைக்கு மட்டும் உன் விமானம் நடந்து வந்ததா?

அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேட்டது உனக்குச் சுட்டது. அத்தனை பேர் முன்னால் தம்பி எங்கே, தம்பி எங்கே என்று என்னைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? “பொறந்த இடத்துல ஆளே இல்லையோ?” என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் காதில் விழவே சொன்னார். பன்னிரண்டு மணியிலிருந்து நீ இந்த மண்ணில்தான் இருக்கிறாய், வரத்தான் மனசில்லை என்று நினைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அக்கா

*

மஸ்கட்
10.8.2025

அக்கா,

உன் கடிதத்தை நேசக்குமாரிடம் காட்டினேன். ஆலந்தலைப் பையன், என்னோடு ஒரே அறையில் இருக்கிறான். வாசித்துவிட்டுக் கட்டிலில் உருண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ ராத்திரி ஒன்பதரைக்கு எனக்குப் போன் பண்ணி, “சாப்பிட்டியாலே?” என்பாய். “இங்க இப்பதான்க்கா எட்டு” என்பேன். பதினோரு வருஷமாக இதையேதான் பேசினோம். இங்கே கடிகாரம் உங்களைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நான் எட்டு மணிக்குக் கிளம்பினேன் என்றது நம் ஊர் எட்டு. பத்துக்கு இறங்கினேன் என்றது இந்த ஊர் பத்து. அப்போது உன் பஸ்ஸில் மணி பதினொன்றரை.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். இங்கே பத்துக்கு ஏறினால் அங்கே கடிகாரம் மூன்று காட்டும்போதுதான் இறங்க முடியும். பார்த்தால் அஞ்சு மணி நேரம் மாதிரி இருக்கும். போகவும் மூன்றரை, வரவும் மூன்றரை, அவ்வளவுதான். நடுவில் கடலே இரண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் என்று நேசக்குமார் போனில் பார்த்துச் சொன்னான். மூன்றுக்கு இறங்கி, பெட்டி வந்து, வெளியே வர நாலு. காரில் நாலு மணி நேரம். எட்டு.

நீ இதை அறியாமல் இருந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேரம் தெரிந்தும் சிவனாண்டியை நிறுத்திவிட்டாய் என்றுதான் இந்த இரண்டு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை மணிக்கு வருவேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் அதை யார் சொல்லியிருக்கிறார்கள்?

பேச்சிராஜா

*

தூத்துக்குடி
12.8.2025, செவ்வாய்

ஏலே ராஜா,

முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அது என்னத்துக்கு என்று கேட்காதே.

நேற்று இன்னொரு கடிகாரம் வாங்கிக் கடையில் பழையதுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். ஒன்று நம் ஊர் நேரம், ஒன்று உன் ஊர் நேரம். இப்போது லாரிக்காரர்களுக்குள் சண்டை. காலைப் பலகாரம் முடிந்துவிட்டது என்றால், “அந்தக் கடிகாரத்துல இன்னும் முடியலையே, ரெண்டு இட்லி வையும்” என்கிறார்கள். மாடக்கண்ணு அண்ணாச்சியிடம் உன் விளக்கத்தைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நானும் அதத்தான தாயி சொன்னேன்” என்றார்.

சிவனாண்டி பாவம். தாம்பாளத்தைத் தூக்கியதிலிருந்து அவன் பெண்டாட்டி அவனுக்குச் சரியாகச் சோறு போடவில்லையாம். தாய்மாமன் இருக்கும்போது உமக்கு எதுக்கு முந்திரிக்கொட்டை வேலை என்று கேட்கிறாளாம். “மதினி, உங்க தம்பிய வரச் சொல்லுங்க, நான் அன்னைக்குத் தாம்பாளம் இருக்குத பக்கமே வர மாட்டேன்” என்று கும்பிடுகிறான்.

வருவேன் என்ற நேரத்தை ஏன் சொல்லவில்லை என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன். அப்பா உழவு மாடு பார்க்கக் கோவில்பட்டி கிளம்பும்போது நீ கைப்பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. எனக்கு எட்டு வயசு. “விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்திருதேன்” என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார். வேன் கவிழ்ந்து, மறுநாள் பாயில் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து அம்மா நம் வீட்டில் யாரையும் வருகிற நேரம் சொல்ல விட்டதில்லை. கிளம்புகிறேன் என்று சொல்லலாம். எப்போது வருவேன் என்று சொல்லக் கூடாது. நம் ஊர் கொற்கையிலிருந்து பக்கத்து ஏரலுக்கு உப்பு வாங்கப் போனால்கூட அதே சட்டம்தான். நானும் இத்தனை வயசுக்கு ஒரு நாள் சொன்னதில்லை. அதனால்தான் நீ சொல்லாததை நானாகக் கணக்குப் போட்டேன், போட்டுக் கெடுத்தேன்.

லீவு கேட்டாயா? கேட்காவிட்டால் உன் முதலாளிக்கு ஒரு கடுதாசி போடுவேன். என் எழுத்தைப் பார்த்துப் பயந்தே விட்டுவிடுவார்.

அக்கா

*

மஸ்கட்
20.8.2025

அக்கா,

லீவு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். இங்கே வெயில் கொளுத்துகிற மாதம், ஊர் முழுக்க ஏசி பழுது. ஜூனில்தான் போய் வந்தாய் என்றார் மேனேஜர். “அப்ப போனேன் சார், சேரல” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நேசக்குமார் என் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டான். நாலு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் மூன்று, புதன்கிழமை, அதே பத்து மணி விமானம். முன்தின விமானத்தில் இடம் இல்லை. சென்னை வழியாக வந்து நம் வாகைக்குளம் விமான நிலையத்திலேயே இறங்கலாம் என்று பார்த்தால், சென்னையில் ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். கிளம்புகிறேன்.

பேச்சிராஜா

*

தூத்துக்குடி
23.8.2025, சனி

ஏலே ராஜா,

வேல்விழி உன் கடுதாசியை வாசித்துவிட்டுக் கட்டிலில் ஏறிக் குதித்தாள். கல்யாணப் பெண் பண்ணுகிற வேலையா?

இங்கே ஒரு சிக்கல். மாப்பிள்ளையின் அம்மா அனுசியா நேற்று மண்டபம் பார்க்க வந்தார்கள். நல்ல மாதிரிதான். ஆனால் எதையும் கைவிரலில் எண்ணிப் பார்க்கிற ஆள். “நிச்சயம் ஆறு மணிக்கு வச்சிருக்கு. எங்க ஆளுக வெளியூர்ல இருந்து வாராவ, ராத்திரியே திரும்பணும். உங்க தம்பி எத்தனை மணிக்கு வாராரு?” என்று கேட்டார்கள்.

“பத்து மணிக்கு ஏறுதான்” என்றேன்.

“அது கிளம்புதது. வாரது?”

கணக்கு எனக்கு இப்போது தூக்கத்தில்கூட வரும். பத்து, மூன்று, நாலு, எட்டு. ஆனால் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே, “பத்துக்கு ஏறுதான்” என்றுதான் திரும்பவும் சொன்னேன். “மதினி, எனக்கு உங்க கணக்கு வேண்டாம். போன தடவை உங்க கணக்க நம்பித்தான் நாலேகால் வரைக்கும் வாசலப் பாத்தோம். அவரு வாயால இன்ன நேரம்னு சொல்லட்டும். எட்டுன்னா எட்டு, ஒம்பதுன்னா ஒம்பது, எங்க ஆளுகள உக்கார வச்சிருவேன். அவரு சொல்லலன்னா ஆறு மணிக்குத் தாம்பாளத்த எடுத்திருவோம்” என்றார்கள்.

தப்பாகச் சொல்லவில்லை அவர்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஒன்றாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். நம் வீட்டுச் சட்டத்தை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. நீயும் நானும் சிரிக்க மாட்டோம்.

நான் உன்னை எழுது என்று சொல்ல மாட்டேன். எழுதாதே என்றும் சொல்ல மாட்டேன்.

அக்கா

*

தூத்துக்குடி
30.8.2025

ராஜா,

நான் போன வாரம் எழுதியதை நீ அன்றைக்கே படித்துவிட்டாய் என்று வேல்விழி போனைப் பார்த்துச் சொல்கிறாள். பதில் இல்லை. நேற்று சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன். ஒரு லாரிக்காரர்கூடக் குறை சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் போல.

சிவனாண்டியிடம் அன்றைக்கு மண்டபத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கும்.

அக்கா

*

மஸ்கட்
1.9.2025

அக்கா,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். பேனாவை எடுத்தால் அம்மா வந்து கையைப் பிடிக்கிறாள். அப்பா முகம் எனக்கு நினைவில்லை. அம்மா சொன்ன சட்டம் மட்டும் நினைவிருக்கிறது. இங்கே வேலைக்குக் கிளம்பும்போதுகூட எப்போது வருவாய் என்று நேசக்குமார் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. திமிர் பிடித்தவன் என்று முதலில் நினைத்தானாம்.

நேற்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். “அண்ணாச்சி, நாங்க விடிஞ்சதும் வந்திருவோம்னு சொல்லிட்டுத்தான் வலைய எடுப்போம். வராதவங்களும் உண்டு. ஆனா சொல்லலன்னா வீட்டுல உள்ளவங்க எத வச்சு உக்காந்திருப்பாங்க?” என்றான். எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

உன்னைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாய் என்று எழுதியிருந்தாயே. எதையும் வைத்துக்கொள்ள நான் உனக்குக் கொடுக்கவில்லை.

எழுதுகிறேன். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நான் மண்டபத்து வாசலில் நிற்பேன். நம் ஊர் எட்டு. சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடு.

உன் தம்பி
பேச்சிராஜா

*

தூத்துக்குடி
3.9.2025, புதன்

ராஜா,

நீ இப்போது ஆகாயத்தில் இருக்கிறாய். கிளம்பும்போது நீ வேல்விழிக்கு அனுப்பிய படம் வந்தது, நீலச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய். உன் வயசுக்கு இது அதிகம்.

மண்டபத்து அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கத்தாய் அத்தை தேங்காய் துருவச் சொன்னார்கள், தேங்காயோடு விரலையும் துருவிக்கொண்டதால் எழுப்பிவிட்டுவிட்டார்கள். நீ எட்டு என்று எழுதியதை அனுசியா மதினியிடம் சொன்னேன். “எட்டரைக்குத் தாம்பூலம்” என்று அந்த இடத்திலேயே போன் போட்டு அவர்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்கள். இப்போது ஊரே உன் எட்டு மணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

மாடக்கண்ணு அண்ணாச்சி மச்சினன் காரை வாங்கிக்கொண்டு காலையிலேயே திருவனந்தபுரம் போய்விட்டார். லாரி ஓட்டுகிற கை. “பைய வாரும் அண்ணாச்சி” என்றேன். “மெதுவா வந்தா எட்டு மணி என்னாகும் தாயி?” என்று கேட்கிறார். எல்லோருக்கும் விளையாட்டாக இருக்கிறது.

இந்தத் தாளை வேல்விழியிடம் அனுப்பச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இது ரெண்டாவது தாள். முதல் தாள் அனுப்பியாயிற்று. அதற்குக் கீழே ஒரே ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. நீ இறங்கிப் போனை உயிர்ப்பித்தால்தான் இன்னொன்று விழுமாம். நான் ஒரு கையில் பேனாவும் ஒரு கண்ணில் அந்த ஒற்றை டிக்குமாக இருக்கிறேன். கையில் மருதாணி வைத்துக்கொண்டு போனைத் தொடுகிறாள் என்று அத்தை வேல்விழியைத் திட்டுகிறார்கள். மூன்று அடித்துவிட்டது. டிக் விழவில்லை.

மணி மூன்றேகால். “மூணுக்குன்னா மூணுக்கே எறங்குமாக்கும்? எடம் கெடைச்சுத்தான எறங்கும்” என்கிறான் சிவனாண்டி. விமானம் என்ன, பஸ் ஸ்டாண்டா? அவனுக்கு என்ன தெரியும். ஆனால் அவன் அதைச் சொன்னபிறகு கொஞ்சம் மூச்சு விட்டேன்.

மூன்றரை. இனிமேல் எதையும் எழுதத் தோன்றவில்லை. சும்மா இருந்தால் பயமாக இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். நீ எழுதாமலே இருந்திருக்கலாம். ஆறு மணிக்கு எவனாவது தூக்கியிருப்பான், என்ன குடி முழுகிப்போகிறது. நீ பத்திரமாக எட்டுக்கோ ஒன்பதுக்கோ வந்து கடைசிப் பந்தியில்

“அம்மா, ரெண்டு டிக்கு! மாமா எறங்கியாச்சு!”

ஓடி வருகிறாள், புடவைத் தலைப்பில் மருதாணியை எல்லாம் அப்பிக்கொண்டு. இந்தத் தாளை நான் அனுப்பப் போவதில்லை. போனை இங்கன கொடுளா என்று பிடுங்கப் போகிறேன். சுடலைமாடனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாயிற்று, சத்தியத்தை அவர் பார்த்துக்கொள்வார். திருவனந்தபுரத்திலிருந்து இங்கே வர ரோட்டில் நாலு மணி நேரம் இருக்கிறது. அந்த நாலு மணி நேரமும் நீ என்னோடு பேசிக்கொண்டேதான் வர வேண்டும்.